‘கோப்பு பெரிது’ என்று மனு திரும்பி வந்தால்… எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது?

மனு செய்ய இன்றே கடைசி நாள். பெயர், முகவரி, குடும்ப வருமானம் என எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. பிறப்புப் பத்திரத்தையும் மைகாட்டையும் திறன்பேசியில் படம் பிடித்துப் பதிவேற்றினால், சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது: ‘சைஸ் ஃபைல் மெலெபிஹி ஹாட்’. கோப்பின் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடியும் படம் பிடிக்கிறோம். மறுபடியும் அதே வரி. வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால், இதற்குள் மனுப் பக்கமே தானாக வெளியேறிவிடும். நிரப்பியதையெல்லாம் முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

எஸ்டிஆர் உதவித்தொகை, பிடிபிடிஎன் கல்விக் கடன், ஊழியர் சேமநிதி, இந்தியா செல்ல இ-விசா என்று பலவற்றுக்கும் இன்று இணையம் வழியாகவே மனு செய்கிறோம். முன்பு பட்டணத்து நகல் கடையில் பிரதி எடுத்துக் கடிதஉறையில் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. உறையின் கனத்துக்குத் தபால்தலை ஒட்டினால் போதும். இப்போது அந்த உறைக்கு ஓர் எடை வரம்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டினால் உறை உள்ளேயே போகாது.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நினைவஞ்சலிக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நாளிதழ்களுக்கு வரும் படங்களில் பல, பெரியவை என்று தள்ள வேண்டியவை அல்ல. அச்சில் போட முடியாத அளவுக்குச் சிறியவை. தாத்தாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘இதைவிடத் தெளிவான படம் இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இருந்தது, போன் மாற்றும்போது போய்விட்டது, இப்போது இதுதான் இருக்கிறது’ என்பதே பெரும்பாலும் பதில். ஓரிடத்தில் படம் பெரிதாக இருப்பதால் தடை. இன்னோரிடத்தில் சிறிதாகிவிட்டதால் இழப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வைத்துக்கொள்ள வேண்டிய படத்தையும் அனுப்ப வேண்டிய படத்தையும் நாம் ஒரே படமாக நினைக்கிறோம்.

அளவு என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழ் படித்த எனக்கே ‘அளவு’ என்ற சொல் இந்த இடத்தில் தொல்லை தருகிறது. படத்தின் நீள அகலத்தையும் அளவு என்கிறோம். கோப்பு நினைவகத்தில் பிடிக்கும் இடத்தையும் அளவு என்கிறோம். மலாயில் ‘சைஸ்’ என்பதும் இப்படித்தான் இரண்டுக்கும் பயன்படுகிறது. இந்தக் கட்டுரையில் மட்டுமாவது முதலாவதைப் பரப்பு என்றும் இரண்டாவதை எடை என்றும் வைத்துக்கொள்வோம்.

பரப்பு என்பது பிக்சல் கணக்கு. படம் என்பது கோலப்புள்ளிகளைப் போல வரிசை வரிசையாக அமைந்த நிறப்புள்ளிகளின் தொகுப்பு. அந்தப் புள்ளிதான் பிக்சல். இப்போதைய திறன்பேசிகள் பெரும்பாலும் 4000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் கொண்ட படத்தை எடுக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இதைத்தான் 12 மெகாபிக்சல் என்கிறார்கள். 50, 108 என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், வழக்கமான முறையில் எடுக்கும்போது அவற்றில் பல, அக்கம்பக்கப் புள்ளிகளைச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன.

எடை என்பது கிலோபைட், மெகாபைட் கணக்கு. ஒரு மெகாபைட் ஏறக்குறைய 1000 கிலோபைட். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறித்து வைக்கச் சாதாரணமாக 3 பைட் வேண்டும். அப்படியானால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளுக்கு 36 மெகாபைட் ஆகிறது. ஆனால் நம் கைப்பேசியில் அதே படம் 3 முதல் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போனது?

அதைச் சுருக்குவது ஜேபெக் என்ற முறை. படக்கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஜேபிஜி’ என்று வால்போல ஒட்டியிருப்பது அதுதான். இந்தத் தரமுறை 1992ஆம் ஆண்டு வெளியானது. இதன் அடிப்படையில் இருக்கும் கணித முறையை 1974இல் வெளியிட்ட மூவரில் முதல்வர் நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர். மற்ற இருவர் அவருடைய ஆய்வு மாணவர் நடராஜனும் நண்பர் கே.ஆர். ராவும். 1972இல் இந்த ஆய்வுக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அகமது நிதி கேட்டார்; கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே செய்து முடித்தார். நாம் காலையில் எழுந்ததும் புலனத்தில் பார்க்கும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ வரை அவர்கள் கணக்கில்தான் சுருங்கி வந்து சேர்கிறது.

ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழிக்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்க்கும். அதனால் நிற விவரத்தை அதிகமாகவே கழிக்கலாம். வானம், சுவர், சேலையின் மடிப்பு போன்றவற்றில் இது தெரியவே தெரியாது. ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்று வரும்போது நிலைமை வேறு. எழுத்தின் கூர்மையான ஓரம்தான் முதலில் கெடும். முகம் நன்றாகத் தெரியும் அதே தரத்தில், பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்த பிறப்புப் பத்திரத்தின் எண் மங்கி, 3ஆ 8ஆ என்று அதிகாரி குழம்பும் நிலை வருவது இதனால்தான்.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வாளியில் இருக்கும் பாலின் கனத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைப் பிழிந்து எடுத்துவிட்டால் மெல்லிய சீட்டு கிடைக்கிறது. தூக்கிச் செல்வது சுலபம். ஆனால் சீட்டை மறுபடியும் பாலாக்க முடியாது. சுருக்கிய படமும் அப்படியே. கழித்த விவரம் கழித்ததுதான். சுருக்கிய படத்தை மீண்டும் திறந்து, திருத்தி, மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் இன்னொரு முறை பிழிகிறோம்.

வரம்பு ஏன் வைக்கிறார்கள்?

4 மெகாபைட் படம் ஒன்றை, விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்ப 32 விநாடி வேண்டும். பத்து ஆவணங்கள் என்றால் ஐந்து நிமிடத்துக்கும் மேல். தோட்டப்புறத்தில் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக் ‘கோடு’ தேடும் வீடுகளில் இந்த வேகம்கூடக் கிடைக்காத நேரங்கள் உண்டு. இன்னொரு பக்கம், லட்சக்கணக்கானோர் மனு செய்யும் தளம் அத்தனை பேரின் படங்களையும் சேமித்து வைக்க வேண்டும். அதிகாரி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஆகவே வரம்பு வைப்பதில் தவறில்லை. வரம்பைச் சொல்லிவிட்டு, எப்படிக் குறைப்பது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவதுதான் குறை என்பது என் கருத்து. கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லாத பாட்டிக்கு அந்தச் சிவப்பு எழுத்து ஒரு மூடிய கதவு.

வரம்பு தளத்துக்குத் தளம் மாறும். ஓரிடத்தில் 2 மெகாபைட், இன்னோரிடத்தில் 500 கிலோபைட். மனு பக்கத்தில் ‘மாக்சிமும்’ என்று சிறிய எழுத்தில் இருப்பதை முதலில் தேடிப் படியுங்கள். எந்த வகைக் கோப்பு வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

இந்திய இ-விசா: ஒரு நல்ல எடுத்துக்காட்டு

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கோயில் பயணம், கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது, உறவினரைப் பார்ப்பது என்று பலரும் விண்ணப்பிக்கிறார்கள். இந்திய அரசின் இ-விசா தளம் இரண்டு கோப்புகளைக் கேட்கிறது. முகப்படம் ஜேபெக் வகையில் இருக்க வேண்டும். நீளமும் அகலமும் சமமாக, அதாவது சதுரமாக இருக்க வேண்டும். எடை 10 கிலோபைட்டுக்குக் குறையாமல் 1 மெகாபைட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். கடப்பிதழின் விவரப் பக்கம் பிடிஎஃப் வகையில், 10 முதல் 300 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்.

முகப்படம் பெரிய சிக்கல் தராது. நம் கடப்பிதழுக்கு எடுக்கும் 35க்கு 50 மில்லிமீட்டர் படம் நீள்சதுரம் என்பதால் அப்படியே போடக் கூடாது. பக்கவாட்டில் இழுத்துச் சதுரமாக்கினால் முகம் அகன்று பூசணிக்காய்போல் ஆகிவிடும். இழுக்காமல், மேலும் கீழும் அளவாக வெட்டிச் சதுரமாக்க வேண்டும். வெட்ட இடமில்லை என்றால் வெள்ளைச் சுவருக்கு முன் நின்று புதிதாக எடுத்துவிடுவதே மேல்.

கடப்பிதழ்ப் பக்கம்தான் பலரை அழவைக்கிறது. திறன்பேசியில் படம் பிடித்து, ஏதோ ஒரு செயலியில் பிடிஎஃப் ஆக்கினால் 2 மெகாபைட் வந்து நிற்கும். பிடிஎஃப் ஆக்கினால் எடை குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிடிஎஃப் வெறும் உறை. உள்ளே 3 மெகாபைட் படம் வைத்தால் உறையும் அந்தக் கனம்தான் இருக்கும். எனவே வரிசை முக்கியம். முதலில் படத்தில் மேசை, விரல், நிழல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பரப்பைக் குறைத்து நீளமான பக்கம் ஏறக்குறைய 1200 பிக்சல் ஆகும்படி செய்யுங்கள். அதை ஜேபெக்காகச் சேமித்தால் பெரும்பாலும் 300 கிலோபைட்டுக்குக் கீழே வந்துவிடும். அதன் பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். கடைசியில் பெரிதாக்கிப் பாருங்கள். கடப்பிதழ் எண்ணும், கீழே அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளும் தெளிவாகப் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் எடை சரியாக இருந்தும் பயனில்லை.

30 நாள் சுற்றுலா இ-விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்த வேலையை விமான நிலையம் போகும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். விதிமுறை மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே ஒருமுறை சரிபாருங்கள். இன்னொன்று: அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் ஐஎன்’ என்று முடியும். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன.

கையில் இருப்பதை வைத்தே குறைக்கலாம்

இதற்கென்று செயலி வாங்க வேண்டியதில்லை. எந்த வழியானாலும் முதல் வேலை, மூலப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கைவைப்பது.

சாம்சுங் போன் என்றால் கேலரியில் படத்தைத் திறந்து, திருத்தும் பென்சில் குறியைத் தொட்டு, மூன்று புள்ளிகளுக்குள் ‘ரீசைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சேமிக்கும்போது ‘சேவ்’ என்பதை அழுத்தாமல், நகலாகச் சேமிக்கும் ‘சேவ் அஸ் காப்பி’யைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் படத்தை மெயில் செயலி வழியாக உங்களுக்கே அனுப்பினால் சிறியது, நடுத்தரம், பெரியது, அசல் என்று அது கேட்கும். நடுத்தரத்தையோ பெரியதையோ தேர்ந்தெடுத்தால் போதும். கணினி இருந்தால் விண்டோஸில் எல்லோருக்கும் தெரிந்த பெயிண்ட் இருக்கிறது. ‘ரீசைஸ்’ போய், பிக்சலைத் தேர்ந்தெடுத்து, நீள அகல விகிதம் மாறாதபடி குறி இட்டு, நீளமான பக்கத்துக்கு வேண்டிய எண்ணைத் தட்டி, வேறு பெயரில் ஜேபெக்காகச் சேமியுங்கள்.

எந்த எண்ணைத் தட்டுவது? ஏ4 தாளில் இருக்கும் கடிதம், பத்திரம் என்றால் 1240க்கு 1754 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 150 புள்ளி கிடைக்கும். சாதாரண எழுத்தைப் படிக்க அது போதும். எழுத்து மங்கலாகவோ பொடியாகவோ இருந்தால் 1654க்கு 2339 வரை ஏற்றுங்கள். மைகாட் சிறியது, அட்டையை மட்டும் வெட்டி எடுத்தால் 1000 பிக்சல் அகலமே தாராளம். 12 மெகாபிக்சல் படத்தில் பாதி இடத்தை மேசைவிரிப்பு அடைத்துக்கொண்டிருக்கும்போது எடையைக் குறை என்று போனைக் கேட்பது வீண்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. புலனத்தில் படத்தைச் சாதாரணத் தரத்தில் அனுப்பினால், அது நீளமான பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குக் குறைத்து, எடையைச் சில நூறு கிலோபைட்டுக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் போனில் சேமிக்கப்படும் நகலை மனுவுக்குப் பயன்படுத்தலாம். கணினியில் மனு செய்பவர்கள் அதே படத்தைப் புலனத்தின் இணையப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கேலரியில் அசல் அப்படியே இருக்கும்.

திரைப்பிடிப்பு எடுத்து அதைப் பதிவேற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். மேலே நேரமும் பேட்டரிக் குறியும் சேர்ந்து வரும். பல போன்கள் திரைப்பிடிப்பை பிஎன்ஜி என்ற வேறு வகையில் சேமிக்கின்றன. புகைப்படத்துக்கு அது ஜேபெக்கைவிடக் கனமாக இருக்கும். ஒரு போன் திரையை இன்னொரு போனால் படம் பிடித்து அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தப் போன்கள் ஹெச்இஐசி என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. எடை குறைவுதான். ஆனால் பல மனுத் தளங்கள் அதை ஏற்பதில்லை. எடை சரியாக இருந்தும் படம் நிராகரிக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். கோப்பின் பெயரில் வாலை மட்டும் ‘ஜேபிஜி’ என்று மாற்றினால் வகை மாறாது. அமைப்புகளில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபல்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடியும் படம் பிடியுங்கள்.

இணையத்தில் ‘படத்தை இலவசமாகக் குறைத்துத் தருகிறோம்’ என்று எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. பூ, பிறந்தநாள் கேக் படங்களுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள், பரவாயில்லை. மைகாட், கடப்பிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முகம் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றுவது, அவற்றின் நகலை நடுவீதியில் யாரோ ஒருவர் கையில் கொடுப்பதற்குச் சமம். மேலே சொன்ன வழிகள் எல்லாம் உங்கள் போனுக்குள்ளும் கணினிக்குள்ளும், தெரிந்தவர்களுக்குள்ளும் முடிந்துவிடுபவை என்பதால்தான் அவற்றைச் சொன்னேன்.

குறைக்கவே கூடாத படங்கள்

இப்போது மறுபக்கம். நினைவஞ்சலிக்கு நாளிதழில் 2 அங்குலம் அகலம், இரண்டரை அங்குலம் உயரத்தில் ஒரு முகப்படம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 200 புள்ளி என்று கணக்குப் போட்டால் 400க்கு 500 பிக்சல் வேண்டும். புலனத்தில் வந்த 1600 பிக்சல் படத்தில் அம்மாவின் முகம் மட்டும் நிறைந்திருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் நமக்கு வருவது பெரும்பாலும் கல்யாண வீட்டுக் குழுப் படம். இருபது பேர் நிற்கும் வரிசையில் அவர் முகத்துக்குக் கிடைப்பது 100 பிக்சல்கூட இருக்காது. அதை வெட்டிப் பெரிதாக்கினால்தான் அந்தக் கட்டம் கட்டமான முகம் வருகிறது. குழுப் படத்தின் 4000 பிக்சல் மூலம் இருந்திருந்தால் அதே முகம் 250 பிக்சலாவது இருந்திருக்கும்.

எனவே அச்சுக்கோ, சட்டம் போட்டு மாட்டவோ படம் அனுப்பும்போது புலனத்தில் அதைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பிக்சலும் குறையாமல் போகும். 2023 முதல் ‘எச்டி’ என்ற தேர்வும் இருக்கிறது. அது சாதாரணத்தைவிட மேல், ஆனால் அசல் அல்ல. ஆவணமாக அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் குறிப்பும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு போகலாம். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அப்படி அனுப்ப வேண்டாம்.

சிறிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்கலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். தெளிவாகத்தான் வரும். ஆனால் இல்லாத விவரத்தை அது கண்டுபிடிப்பதில்லை. தானாக இட்டு நிரப்புகிறது. கண் இமையும் தோலின் சுருக்கமும் உதட்டின் ஓரமும் அது ஊகித்து வரைந்தவை. பாட்டியை நேரில் பார்த்தவர்களுக்கு ‘ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே’ என்று தோன்றும். பார்க்காத பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பாட்டியின் முகமாக ஆகிவிடும். மங்கலான அசல் முகமே மேல் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள் வீட்டில் இன்னமும் தகரப் பெட்டிக்குள் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூட வகுப்புப் படம், திருவிழாக் காவடி, பழைய அடையாளக் கார்டுக்காக எடுத்த சின்ன முகப்படம் என்று எத்தனையோ. அந்தத் தோட்டங்களில் சில இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயமும் இல்லை, கோயில் இருந்த இடமும் மாறிவிட்டது. அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படத்தின் பின்னணியில் தெரியும் தகரக்கூரைதான் மிச்சம். அப்படிப்பட்ட படத்தைப் போனில் அவசரமாகப் பிடித்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, ‘இனி பத்திரமாக இருக்கும்’ என்று நினைப்பது ஆபத்து. குழுவில் இருப்பது 1600 பிக்சல் நகல். பூச்சி அரித்தோ வெள்ளத்தில் நனைந்தோ தாள்படம் போய்விட்டால் மிஞ்சுவது அதுதான்.

இத்தகைய படங்களை முடிந்தால் ஸ்கேனரில் எடுங்கள். சாதாரண 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ வைத்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். கட்டைவிரல் அளவு முகப்படத்துக்கு 1200 டிபிஐ வையுங்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் படம் ஏறக்குறைய 1650க்கு 2360 பிக்சல் ஆகும். நகல் கடையில் சொல்லாமல் விட்டால் ஆவணத்துக்கு வைக்கும் குறைந்த அளவிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் படத்தைச் சமமாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டம் இருந்தால், படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் பட்சத்தில் மட்டும் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் கழற்ற முயலாதீர்கள். மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். பெயரும் ஆண்டும் தோட்டத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

போனில் இடமில்லை என்பதற்காக மூலப் படங்களை அழிப்பவர்கள் முதலில் புலனத்தின் கோப்பறையைத் துப்புரவு செய்யுங்கள். காலை வணக்கமும், ஒரே தைப்பூசக் காணொளி ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து முறை வந்ததும் அங்கே குவிந்திருக்கும். கூகுள் போட்டோஸில் வைக்கலாம் என்றால், 2021 ஜூன் 1 முதல் அங்கே இலவச இடத்துக்கு எல்லை உண்டு. மின்னஞ்சலும் சேர்த்து 15 கிகாபைட். 4 மெகாபைட் படம் என்றால் ஏறக்குறைய 3750 படங்கள். குடும்பத்தின் பழைய படங்களுக்கு அது போதும். அவற்றை மட்டும் அசல் தரத்தில் ஏற்றிவிட்டு, ஒரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ இன்னொரு பிரதி வைத்து, அதை வேறு வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் அருகிலுள்ள நாடி மையத்துக்குச் செல்லலாம். முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட அதே இணைய மையம்தான். ஆவணத்தின் அசலையும், படங்கள் உள்ள போனையும் அதன் கம்பியையும் கொண்டுசெல்லுங்கள். மின்னஞ்சலின் மறைச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் பயன்படுத்தும் கணினி என்பதால், மனு அனுப்பி முடித்ததும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்பறையில் இருக்கும் உங்கள் மைகாட் படத்தை அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்து, மின்னஞ்சலிலிருந்தும் புலனத்திலிருந்தும் வெளியேறிய பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.